கதைமாந்தர் பெயரைக் குழந்தைக்குச் சூட்டுதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

விரும்பிப் படித்த நாவலின் கதைமாந்தர் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதன்று. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வெளிவந்த காலத்திலிருந்து, வானதி என்றோ பூங்குழலி என்றோ ஒரு பெயரைக் கேட்டவுடன் அந்த நாவலை நினைத்துக்கொள்ளாத வாசகர்கள் குறைவு. நா. பார்த்தசாரதி மணிவண்ணன் என்னும் புனைபெயரில் எழுதிய 'குறிஞ்சி மலர்' நாவலைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தவர்கள் பலர் என்பது, அந்த நாவலைப் பற்றிப் பேசும் எவரும் சொல்லாமல் விடாத செய்தி. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் 'பொன்னியின் செல்வன்' இரு பாகத் திரைப்படமாக வந்த பிறகு, ஐந்து பாக நாவலைக் கையில் எடுத்திராத இளம் பெற்றோரும் அந்தப் பெயர்களைப் பரிசீலிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அப்படிப் பரிசீலிக்கும் பெற்றோருக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இராமாயண, பாரதப் பெயர்கள் நம் வீடுகளில் பெரும்பாலும் தெய்வப் பெயர்களாகவே வழங்குவதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. காப்பியங்கள், நாடகங்கள், நாவல்கள் ஆகியவற்றில் வரும் பெயர்களே நம் பொருள். தொடங்குமுன் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பெயரைத் தேர்பவர் பெற்றோர்தான் என்றாலும், பதினைந்து பதினாறு வயதில் அந்த நூலைத் தேடி எடுத்துப் படித்து, தன் பெயருக்குரியவர் யார் என்று பார்க்கப் போவது பிள்ளை. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்த வாசகரை முன்னிட்டே சொல்லப்படுகின்றன.

முதல் படி: அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டறியுங்கள்

கதையில் வரும் பெயர்கள் எல்லாம் கதாசிரியர் படைத்தவை அல்ல. குந்தவை என்பது கல்கியின் கற்பனை அன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசனின் தமக்கையாகவும் வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவியாகவும் அவர் இடம்பெறுகிறார். இராசராசனின் மகளுக்கும் குந்தவை என்றே பெயர்; வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தவர் அவர். போதாததற்கு, 'பார்த்திபன் கனவு' நாவலில் பல்லவ இளவரசிக்கும் கல்கி அதே பெயரின் ஒரு வடிவத்தைக் கொடுத்தார். ஆகவே குந்தவை என்று பெயர் வைப்பவர் தம் மகளைக் கதையோடு மட்டுமல்ல, சோழர் வரலாற்றோடும் சேர்க்கிறார். அருள்மொழியும் அப்படித்தான். இராசராசனின் இயற்பெயராக அறியப்படும் இது, பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் இயற்பெயராகிய அருண்மொழித்தேவர் என்பதிலும் வேறு வடிவத்தில் இருக்கிறது.

இதற்கு மாறாக, நந்தினியும் பூங்குழலியும் மந்தாகினியும் கல்கி படைத்த மாந்தர்கள். ஆனால் அந்தப் பெயர்கள் புதியவை அல்ல. நந்தினி, காளிதாசரின் இரகுவம்சத்தில் திலீபன் காத்து நின்ற தெய்வப் பசுவின் பெயர். பூங்குழலி என்பதோ நம் கோயில்களில் காலங்காலமாகக் கேட்டுவரும் அமைப்பைக் கொண்டது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் ஏலவார்குழலியையும் திருவாலங்காட்டின் வண்டார்குழலியையும் நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். வரலாற்று வேரோ கோயில் வேரோ உடைய பெயருக்கு ஒரு நன்மை உண்டு. பிள்ளைக்குக் கதை பிடிக்காமல் போனாலும் சொல்லிக்கொள்ள இன்னொரு பிறப்பிடம் இருக்கும். 'சிவகாமியின் சபதம்' பிடிக்காத சிவகாமி, தில்லை நடராசரின் தேவியைச் சொல்லிக்கொள்ளலாம். சீவக சிந்தாமணியின் நாயகியர் எண்மரில் குணமாலை, பதுமை, கனகமாலை, சுரமஞ்சரி போன்ற பெயர்கள் இன்றும் புழங்கக்கூடியவை. காந்தருவதத்தைக்கு அவ்வளவு துணிவு வேண்டும்.

இதே படியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அது பெயர்தானா, பட்டமா, வேடப் பெயரா? மாமல்லன் என்பது நரசிம்மவர்மனின் பட்டம். ஆழ்வார்க்கடியான் என்பது திருமலையப்பன் தானே வைத்துக்கொண்ட பெயர். சமுத்திரகுமாரி, பூங்குழலியை இளவரசர் செல்லமாக அழைத்த பெயர். அமெரிக்காவில் பல பெண் குழந்தைகளுக்குச் சூட்டப்பட்ட 'கலீசி', ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்வரிசையில் தலைவனின் மனைவியைக் குறிக்கும் பட்டமே. அந்த மாந்தரின் பெயர் டனேரிஸ். பட்டத்தைப் பெயராக வைக்கக் கூடாது என்பதில்லை. மாமல்லன் என்று பெயருடையவர்கள் அதைக் கம்பீரமாகவே சுமக்கிறார்கள். ஆனால் தெரிந்து வைப்பதற்கும் தெரியாமல் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

இரண்டாம் படி: கதையின் முடிவு வரை படியுங்கள்

முதல் பாகத்தையோ திரைப்படத்தையோ மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தாய்மை அடைந்த மாதங்களில் நாவலை முழுதாக ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. பெற்றோர் இருவரும் வாசித்தால் இன்னும் நல்லது.

முடிவைப் படித்த பிறகு, சோகமாக முடியும் மாந்தரை எல்லாம் விலக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 'குறிஞ்சி மலர்' அரவிந்தன் இறுதியில் இறந்துபோகிறான். பூரணி தனியே நிற்கிறாள். இதைத் தெரிந்தே அந்தப் பெயர்களை அத்தனை பெற்றோர் விரும்பினார்கள் என்றால், அவர்கள் பார்த்தது அந்த இருவர் வாழ்ந்த முறையைத்தான். சிவகாமியின் வாழ்வும் மணவறையில் முடியவில்லை. மாந்தர் எப்படி மாண்டார் என்பதைவிட எப்படி நடந்துகொண்டார் என்பதே பிள்ளையை நெருடும். மு. வரதராசனின் 'அகல் விளக்கு' நாவலில் அழகும் அறிவும் மிகுந்த சந்திரன் தன்னைத் தானே கெடுத்துக்கொள்கிறான். அவ்வளவு ஒளியில்லாத வேலய்யன் நிலைத்து நிற்கிறான். சந்திரன் என்பது எங்கும் வழங்கும் பெயர் என்பதால் சிக்கலில்லை. ஆனால் 'எங்களுக்கு அகல் விளக்கு பிடிக்கும், அதனால் வைத்தோம்' என்று பிள்ளையிடம் சொன்னால், படித்துவிட்டு வந்து கேள்வி கேட்பான்.

நந்தினியின் கதை வேறு. பழிவாங்கும் சூழ்ச்சியின் நடுவே நிற்பவள் என்றாலும், நாவலின் மிக வலிமையான பெண் அவள்தான் என்று வாதிடும் வாசகர்கள் உண்டு. அதைவிட முக்கியம், அந்தப் பெயர் எங்கும் பரவி, கதைமாந்தரை விட்டு விலகிப் போய்விட்டது. இன்று ஒரு வகுப்பில் இரண்டு நந்தினிகள் இருந்தால் யாரும் பழுவூர் அரண்மனையை நினைப்பதில்லை. இரவிதாசன் என்னும் பெயருக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களுள் ஒருவனாக உடையார்குடிக் கல்வெட்டிலேயே அவன் பெயர் இருக்கிறது. 'மனோன்மணீயம்' நாடகத்தின் குடிலனுக்கும் அதே கதி. மாறாக, மனோன்மணி என்பது அம்பிகையின் பெயராகவும், 1891இல் வந்த அந்நாடகத்தின் நாயகி பெயராகவும், ஆசிரியர் பெயரோடு சேர்ந்து நெல்லைப் பல்கலைக்கழகத்தின் பெயராகவும் மதிப்புடன் நிற்கிறது.

கண்ணகியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். துன்பப்பட்ட பெண்ணின் பெயரை எப்படி வைப்பது என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் கேலி செய்யாதீர்கள். அதே சமயம் இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி அம்மன் ஊர்தோறும் வழிபடப்படும் தெய்வம் என்பதையும், சிங்களவர் அவளைப் பத்தினித் தெய்வமாகப் போற்றுவதையும், தமிழக–கேரள எல்லை மலையில் மங்கலதேவிக் கோட்டத்தில் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவில் விழா நடப்பதையும் அவர்களிடம் சொல்லலாம். ஒரே பெயர் ஒரு குடும்பத்தில் துயரக் கதையாகவும் இன்னொரு குடும்பத்தில் காவல் தெய்வமாகவும் இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் அது எதுவாக இருக்கிறதோ அதையே பிள்ளை கேட்டு வளரும்.

முடிவடையாத தொடரிலிருந்து பெயர் எடுக்காதீர்கள். மேலே சொன்ன டனேரிஸ், தொலைக்காட்சித் தொடரில் எட்டு ஆண்டுகள் விடுதலையின் தலைவியாக வலம் வந்துவிட்டு, 2019இல் வந்த இறுதிப் பருவத்தில் சரணடைந்த நகரத்தையே எரித்தாள். அதற்குள் அவள் பட்டத்தைத் தாங்கிய குழந்தைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் படி: பெயர் பின்னாளில் எதைச் சேர்த்துக்கொண்டது என்று பாருங்கள்

நூலுக்குள் மாசற்றிருக்கும் பெயர் நூலுக்கு வெளியே அடிபட்டிருக்கலாம். பாரியின் மகளிர் பெயராக மரபு சொல்லும் அங்கவை, சங்கவை இரண்டும் அழகிய பெயர்கள். 2007இல் வெளிவந்த ஒரு பெரிய திரைப்படம் அவற்றைத் தோல் நிறத்தைக் கேலி செய்யும் நகைச்சுவைக் காட்சிக்குப் பயன்படுத்திக்கொண்டது. இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பவர் ஒருவராவது இருப்பார். இது அந்தப் பெயரின் குற்றம் அன்று. பெயரை மீட்டெடுக்க வேண்டும் என்றே வைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த மீட்புப் பணியைப் பள்ளி வளாகத்தில் செய்யப்போவது ஆறு வயதுக் குழந்தை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெயரைத் தேடுபொறியில் இட்டு, முதலில் வரும் காணொளிகளைப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும்.

வேற்றுமொழிக் கதைகளிலிருந்து எடுக்கும் பெயர்களுக்கும் இந்தப் படி பொருந்தும். 'ஆர்யா' மேலே சொன்ன தொடரில் வாளேந்தும் சிறுமி. தமிழ்நாட்டில் அது முதலில் ஓர் ஆண் நடிகரை நினைவூட்டும், அடுத்து ஆரிய–திராவிட விவாதத்தை.

நான்காம் படி: உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள், பிறகு சுருக்கிப் பாருங்கள்

பெரும்பாலான பெற்றோர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். கதைமாந்தர் பெயர் அச்சில் முழுதாக நிற்கிறது. வீட்டில் எந்தப் பெயரும் முழுதாக நிற்பதில்லை. தெரு முனையில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிட அழைப்பதுபோல், கடைசி எழுத்தை நீட்டி, பெயரைப் பத்துமுறை சத்தமாகக் கூப்பிடுங்கள். 'வானதீ', 'நந்தினீ', 'பூரணீ' என்று இகரத்தில் முடிபவை இயல்பாக நீளும். அதனால்தானோ என்னவோ, நம் பெண்பெயர்களில் இகர ஈறு இவ்வளவு மிகுதி.

பிறகு, உறவினரும் வகுப்புத் தோழரும் அதை எப்படி வெட்டுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வந்தியத்தேவன் தமிழ் நாவல் உலகின் மிகக் கவர்ச்சியான இளைஞன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் பெயர் பள்ளியில் 'வந்தி' ஆகும். அது 'வாந்தி' ஆவதற்கு ஒரே ஒரு காலெழுத்துதான் தேவை. குந்தவை வடமாவட்டங்களில் 'குந்து' ஆவாள். அங்கே அதற்கு உட்கார் என்று பொருள். அருள்மொழி 'அருள்' ஆகும், பூங்குழலி 'குழலி' ஆகும், மணிமேகலை 'மணி'யோ 'மேகலை'யோ ஆகும்; மூன்றிலும் குறையொன்றுமில்லை. சுருக்கம் மோசமாக இருக்கிறது என்பதற்காக விரும்பிய பெயரைக் கைவிட வேண்டியதில்லை. நீங்களே முந்திக்கொண்டு நல்ல சுருக்கப் பெயர் ஒன்றை முதல் நாளிலிருந்து வழங்கிவிட்டால், பிறர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். வந்தியத்தேவனைத் 'தேவன்' என்றோ 'தேவா' என்றோ அழைப்பது இதற்கு ஒரு வழி.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் எதிர்கால அரசு, குடிமக்களுக்கு ஈரெழுத்துப் பெயர்களையே விதித்திருக்கும். நிலா, சிபி, ஜீவா, ரவி என்று அதில் வரும் பெயர்களைப் பார்த்தால், எந்த அரசும் கட்டளையிடாமலே இன்றைய பெற்றோர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று தோன்றும். குறும்பெயர் வேண்டுவோர்க்கு நிலா இன்றும் நல்ல தேர்வு.

ஐந்தாம் படி: உடன்பிறந்தாரையும் பெரியவர்களையும் எண்ணிப் பாருங்கள்

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாவலிலிருந்து பெயர் எடுக்கும் ஆசை இயல்பானது. அதில் ஒரு பொறி இருக்கிறது. அரவிந்தனும் பூரணியும் காதலர்கள். குந்தவையும் வந்தியத்தேவனும் கணவன் மனைவி. அருள்மொழியும் வானதியும் அப்படியே. அண்ணன் தங்கைக்கு இந்த இணைகளை வைத்துவிட்டு, நாவலைப் படித்தவர் வீட்டுக்கு வரும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது அவ்வளவு சுகமன்று. அக்காளுக்குக் குந்தவை, தம்பிக்கு அருள்மொழி என்றால் கதையிலும் சரி, கல்வெட்டிலும் சரி, உறவு பொருந்துகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அருள்மொழி கதையில் இளவரசன் என்றாலும், தேன்மொழி, கனிமொழி வரிசையில் ஒலிப்பதால் இன்று பெண்களுக்கும் அது வழங்குகிறது. மகனுக்கு வைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் பக்கம் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, முதல் பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைக்கும் மரபு. இதற்கு எதிராக வாதாடுவதைவிட, காப்பியத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். மாதவிக்குப் பிறந்த மகளுக்குப் பெயர் சூட்டும் நாளில், தன் முன்னோன் ஒருவன் நடுக்கடலில் கலம் உடைந்து தவித்தபோது காத்த குலதெய்வத்தின் பெயரைக் கோவலன் தேர்ந்தான். அப்படித்தான் அவள் மணிமேகலை ஆனாள் என்று சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை சொல்கிறது. குலதெய்வத்தின் அல்லது பாட்டியின் பெயரையே தாங்கிய மாந்தர் ஒருவர் நாவலில் கிடைத்தால் இரு தரப்புக்கும் நிறைவு. பழைய நாவல்கள் இதற்கு உதவும்: 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஞானாம்பாள், 'கமலாம்பாள் சரித்திர'த்தின் கமலாம்பாள், 'பத்மாவதி சரித்திர'த்தின் பத்மாவதி எல்லாம் அன்றைய வீடுகளில் வழங்கிய பெயர்களே.

மற்றொன்று, நட்சத்திர எழுத்து. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்பதால் வானதியும் விக்கிரமனும் கிடைப்பார்கள். மகத்துக்கு ம, மி, மு, மே என்பதால் மணிமேகலையும் மாதவியும். பூசத்துக்குச் சொல்லப்படும் ஹு, ஹே, ஹோ, ட ஆகியவற்றில் தமிழ்க் காப்பியம் முழுதும் தேடினாலும் ஒருவரும் அகப்பட மாட்டார். அந்நிலையில் நட்சத்திரப் பெயரைத் தொட்டிலிடும் நாளில் காதில் மும்முறை ஓதிவிட்டு, விரும்பிய பெயரைப் பதிவேட்டில் எழுதுவது பல வீடுகளில் நடக்கும் சமரசம்.

ஆறாம் படி: எழுத்துக்கூட்டலை முன்னதாகவே முடிவு செய்யுங்கள்

தமிழில் எப்படி எழுதுவது என்பதில் ஐயம் வராது, ஆங்கிலத்தில்தான் வரும். பூங்குழலியின் ழகரத்தைத் தமிழ்நாட்டில் 'இசட்', 'எச்' என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதுகிறோம். இலங்கைத் தமிழர் பெரும்பாலும் 'எல்' ஒன்றாலேயே முடித்துவிடுகிறார்கள். யாழினி என்னும் பெயரை இரு நாட்டுச் சான்றிதழ்களிலும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். வெளிநாட்டில் வளரப்போகும் பிள்ளை என்றால், முதல் வகை எழுத்துக்கூட்டலை அங்குள்ள ஆசிரியர் 'பூங்குசலி' என்றே படிப்பார் என்பதற்கு ஆயத்தமாக இருங்கள். ஆதிரை, நிலா, மாதவி போன்றவை எந்த நாட்டு நாவிலும் அதிகம் சிதைவதில்லை. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஆதிரை. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் என்னும் பெருமை உடையது, மூன்றே எழுத்து, திருவாதிரை நாளோடும் தொடர்புடையது, கேலிக்கு இடம் தராதது.

ஏழாம் படி: பதிவு செய்யுங்கள்

இந்தியாவில் பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் பெயர் முடிவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெயரின்றிப் பதிந்துவிட்டுப் பின்னர்ப் பெயரைச் சேர்க்க இடம் தருகிறது. பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். நாவலை முழுதாகப் படிக்க இந்த ஓராண்டு போதுமானது. மருத்துவமனையில் படிவத்தோடு நிற்பவர் அவசரப்படுத்தினாலும் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடத் தயங்காதீர்கள்.

ஒருமுறை எழுதிய பெயரை மாற்றுவது எளிதன்று. 2023 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்நாளிலிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் உரிய ஆவணம். ஆகவே சான்றிதழின் தமிழ்ப் படியையும் ஆங்கிலப் படியையும் அலுவலகத்திலேயே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, ஆதாருக்கும் அதே எழுத்துக்கூட்டலையே கொடுங்கள். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டியிருக்கும் என்பதால், அருள்மொழிவர்மன் போன்ற நீண்ட பெயரோடு தந்தை பெயரும் சேரும்போது படிவத்துக் கட்டங்களில் அடங்குகிறதா என்பதை ஒரு தாளில் எழுதி எண்ணிப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைக் கொடுங்கள்.